கழுத்தளவு வெந்நீர்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு நோய் ஆள் பார்த்துப் பிடித்தது. வீட்டுக்கு வர்ணம் பூசுபவர்கள், குழாய் வேலை செய்பவர்கள், டெவன் மாவட்டத்தில் ஆப்பிள் மது அருந்துபவர்கள் ஆகியோருக்கே பெரும்பாலும் வந்தது. முதலில் குடலைப் பிசையும் வலியும் மலச்சிக்கலும். பிறகு முகம் வெளிறும். நாள் போகப் போக மணிக்கட்டு துவண்டுவிடும். கையை நீட்டச் சொன்னால் முன்கை மட்டும் நீளும், உள்ளங்கை கீழ்நோக்கித் தொங்கும். உளியோ தூரிகையோ பிடிக்க முடியாத கை என்றால் தொழிலாளிக்குச் சோறு இல்லை.

இவர்களில் பலர் போய்ச் சேர்ந்த ஊர் பாத். அங்கே நிலத்தடியிலிருந்து சுமார் 45 டிகிரி செல்சியஸ் சூட்டில், நாள்தோறும் பத்து லட்சம் லிட்டருக்கும் மேலாக வெந்நீர் ஊறுகிறது. ஏழைகளுக்கென்றே ஒரு தர்ம மருத்துவமனை அங்கு 1742இல் திறக்கப்பட்டது. அதன் விதிகள் விசித்திரமானவை. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் நோயாளி வரலாம், உள்ளூர்க்காரருக்கு மட்டும் இடமில்லை. வருபவர் முன்பணம் கட்ட வேண்டும். பிழைத்தால் ஊர் திரும்பும் வழிச்செலவுக்கு, இறந்தால் அடக்கச் செலவுக்கு. சட்டையில் பித்தளை வில்லை ஒன்றும் குத்திவிடுவார்கள், சாராயக்கடையில் நுழைந்தால் அடையாளம் தெரிவதற்காக.

இந்தக் கறாரில் நமக்கு ஒரு லாபம் உண்டு. வந்தவர் யார், என்ன நோய், எப்படித் திரும்பினார் என்று மருத்துவமனை ஏட்டில் எழுதி வைத்தார்கள். குணமானார், தேறினார், பலனில்லை, இறந்தார் என்று பிரித்தே பதிந்தார்கள். அதைப் புரட்டினால், கை துவண்டு வந்தவர்களில் கணிசமானோர் தேறிப் போனது தெரிகிறது. வெந்நீர் ஊற்றைப் பற்றிய மற்றப் புகழுரைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஊரே அதை நம்பிப் பிழைக்கும்போது புகழுரைக்கு என்ன பஞ்சம்? இந்த ஏட்டை அப்படித் தள்ளிவிட முடியவில்லை.

டெவன் மதுவால் வந்த நோயின் காரணம் 1767இல் வெளிப்பட்டது. டெவனில் பிறந்த மருத்துவர் ஜார்ஜ் பேக்கர், ஆப்பிள் பிழியும் கல் செக்குகளின் இணைப்புகளில் காரீயம் பூசியிருப்பதைக் கவனித்தார். புளித்த சாறு அதைக் கரைத்துக்கொண்டு பீப்பாய்க்குள் போகிறது. ஹெரிஃபர்டு மாவட்டத்திலும் அதே மதுவைத்தான் குடித்தார்கள். அங்கே செக்கில் காரீயம் இல்லை, நோயும் இல்லை. டெவன் மதுவைச் சோதித்துக் காரீயம் இருப்பதை அவர் காட்டினார். நன்றியா கிடைத்தது? பிறந்த மண்ணுக்குத் துரோகி என்று தேவாலய மேடையிலிருந்தே திட்டினார்கள்.

வர்ணத்திலும் குழாயிலும் இருந்ததும் அதே காரீயம்தான். ஆக, கை துவண்டு வந்து பாத் நீரில் அமிழ்ந்தவர்கள் காரீய நஞ்சு ஏறியவர்கள். அந்த நஞ்சை எலும்புவரை போய்த் தங்கும் உலோகம் என்கிறோம். வெந்நீரில் உட்கார்ந்தால் அது எப்படி வெளியேறும்?

நீருக்குள் ஏதோ ஒரு மர்மப்பொருள் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். அருகிலுள்ள மெண்டிப் குன்றுகளில் பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறை வழியே கீழிறங்கி, 2,700 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு, பாறைப் பிளவு வழியாக பாத் நகரில் மேலெழுகிறது. இந்தப் பயணத்துக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். வழியில் கால்சியம், சல்பேட், சோடியம், இரும்பு என்று நாற்பதுக்கும் மேற்பட்ட கனிமங்களைக் கரைத்துக்கொள்கிறது. ஒரு காலத்தில் கந்தகம்தான் மருந்து என்றார்கள், பிறகு இரும்பு என்றார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரில் ரேடியத்தின் சுவடு தெரிந்ததும் அதையே விளம்பரமாக்கிக்கொண்டார்கள். ரேடியத்தை அமுதம் என்று நம்பிய காலம் அது.

1980களில் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் வேறு கோணத்தில் பார்த்தார்கள். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களைப் பாத் ஊற்று நீரில், 35 டிகிரி சூட்டில், கழுத்துவரை இரண்டு மணி நேரம் அமிழ்த்தி அளந்தார்கள். சிறுநீர் ஏறத்தாழ இரு மடங்காகியது. ஒரு நிமிடத்தில் இதயம் வெளித்தள்ளும் ரத்தம் பாதியளவு கூடியது. ஆட்ரி ஹேவுட் என்பவரும் உடன் உழைத்தவர்களும் அடுத்த படிக்குப் போனார்கள்: அமிழ்ந்திருக்கையில் சிறுநீரோடு வெளியேறும் காரீயமும் கூடுவதைக் காட்டினார்கள்.

இதில் கனிமத்துக்குப் பெரிய பங்கு இல்லை. வேலை செய்தது நீரின் எடை. ஒரு மீட்டர் ஆழத்தில் நீர் நம் மேல் கூடுதலாகச் செலுத்தும் அழுத்தம் பாதரச அளவில் சுமார் 74 மில்லிமீட்டர். ஆரோக்கியமான ஒருவரின் ரத்த அழுத்தத்தில் கீழ் எண் 80. கால் சிரைகளுக்குள் இருக்கும் அழுத்தமோ இவற்றைவிடக் குறைவு; வெளியிலிருந்து அழுத்தினால் அவை எதிர்த்து நிற்காது. பற்பசைக் குழாயை அடியிலிருந்து அமுக்குவதுபோல, காலிலும் வயிற்றிலும் தங்கியிருக்கும் ரத்தம் நெஞ்சை நோக்கி ஏறுகிறது, ஏறக்குறைய 700 மில்லிலிட்டர்.

இதயத்தின் மேலறைகள் உப்புகின்றன. நீருக்குள் உட்கார்ந்திருப்பது இதயத்துக்குத் தெரியாது. உடம்பில் திரவம் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது என்றே அது எடுத்துக்கொள்கிறது. மேலறைச் சுவரிலிருந்து ஒரு ஹார்மோன் கசிந்து, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லிச் சிறுநீரகத்துக்குச் சேதி அனுப்புகிறது. ரத்தத்தை இறைப்பது மட்டுமல்ல, ஹார்மோன் சுரப்பதும் இதயத்தின் வேலை என்பது கனடாவில் அடால்ஃபோ டி போல்ட் 1981இல் வெளியிட்ட ஆய்வால்தான் உறுதியானது. அதே நேரத்தில், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் மூளை ஹார்மோன் ஒன்றும் குறைகிறது. ஆற்றிலோ குளத்திலோ கழுத்தளவு நீரில் நெடுநேரம் நின்றவர்களுக்கு இதன் விளைவைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் ஒரு முழுக்கில் போகும் காரீயம் கொஞ்சம்தான். பாத் நோயாளிகள் மாதக்கணக்கில் தங்கி மீண்டும் மீண்டும் அமிழ்ந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. அத்தனை நாளும் டெவன் மதுவும் இல்லை, வர்ண வாளியும் இல்லை. புது நஞ்சு உள்ளே போகவில்லை. நீரைக் குடிக்கவும் கொடுத்தார்கள். ஒரு லிட்டரில் 400 மில்லிகிராமுக்கு நெருக்கமாகக் கால்சியம் உள்ள நீர் அது. காரீயம் குடலில் கால்சியத்தின் பாதையிலேயே நுழைவது. கால்சியம் நிறைய இருந்தால் காரீயத்துக்கு வழி குறுகும். எனவே கனிமத்துக்கும் ஒரு பங்கைக் கொடுத்துவிடலாம், குளித்ததற்கு இல்லாவிட்டாலும் குடித்ததற்கு.

இந்தக் கதையில் காரீயத்தின் குறும்பு இன்னும் பழையது. ரோமானியர்கள் பிரிட்டனுக்குள் கி.பி. 43இல் நுழைந்த சில ஆண்டுகளிலேயே மெண்டிப் குன்றுகளில் காரீயம் வெட்டத் தொடங்கினார்கள், அதாவது ஊற்றுக்கு மழை வாங்கித்தரும் அதே குன்றுகளில். பாத் நகரில் அவர்கள் கட்டிய 1.6 மீட்டர் ஆழப் பெருங்குளத்தின் தரையில் 45 காரீயத் தகடுகள் விரித்தார்கள். அவை இன்றும் அங்கேயே கிடக்கின்றன. குளிக்கும்போது உடைமையைப் பறிகொடுத்தவர்கள், திருடனைத் தண்டிக்கும்படி ஊற்றின் தெய்வமான சூலிஸ் தேவிக்கு மெல்லிய உலோகத் தகட்டில் சாபம் எழுதி ஊற்றில் எறிந்தார்கள். கிடைத்திருப்பவை சுமார் 130. அவற்றில் பலவற்றிலும் காரீயம் உண்டு. தோல் வழியே அது அதிகம் புகாது என்பதால் குளித்தவர்கள் பிழைத்தார்கள்.

விண்வெளி ஆய்வாளர்கள் மனிதர்களைக் கழுத்துவரை நீரில் அமர்த்திச் சோதித்ததும் காலிலிருந்து நெஞ்சுக்குப் போகும் அந்த ரத்த நகர்வுக்காகத்தான். எடையற்ற நிலையில் காலின் ரத்தம் இப்படித்தான் நெஞ்சுக்கு ஏறும். ராக்கெட் இல்லாமல் அதைத் தரையிலேயே பார்த்துவிடலாம். ஆனால் இதயம் பலவீனமானவருக்கு இந்த நகர்வே சுமை. நெஞ்சுக்குள் திடீரென முக்கால் லிட்டர் ரத்தம் கூடினால் தாங்காத இதயங்கள் உண்டு. அத்தகையவர்கள் ஆழமான வெந்நீர்த் தொட்டியில் இறங்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்கும்போது நீரின் சூட்டை மட்டுமல்ல, நீர் எதுவரை வரும் என்பதையும் சொல்ல வேண்டும். இடுப்பளவுக்கும் கழுத்தளவுக்கும் இதயத்தின் கணக்கில் வித்தியாசம் பெரிது.