பொதி கொடுப்பதோடு நமது கடமை முடிந்துவிடுமா?

நோன்பு வந்தால் நமது பள்ளிகளில் உலர் உணவுப் பொதிகள் அடுக்கப்படுகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் சென்ற வருடம் பொதி வாங்கிய அதே குடும்பம் இந்த வருடமும் வரிசையில் நிற்கிறதென்றால், நாம் பசியைத் தள்ளிப்போட்டிருக்கிறோமே தவிர வறுமையைக் குறைக்கவில்லை.

அபூதாவூதில் பதிவான ஒரு சம்பவத்தை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். உதவி கேட்டு வந்த ஓர் அன்சாரித் தோழரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமும் இருந்தன. அவற்றை இரண்டு திர்ஹத்துக்கு விற்று, ஒன்றுக்கு உணவும் மற்றதற்குக் கோடரியும் வாங்கச் சொன்னார்கள். தமது கையாலேயே அதற்குப் பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்க அனுப்பினார்கள். 15 நாட்களின் பின் அவர் பத்து திர்ஹத்துடன் திரும்பினார்.

சமூகத் தொழில்முயற்சி என்று இன்று பேசப்படுவதன் சாரமும் இதுவே. ஒரு சமூகப் பிரச்சினையைத் தீர்ப்பதே அதன் நோக்கம். ஆனால் தனது செலவைத் தானே உழைத்துக்கொள்ளும். இலாபம் மீண்டும் அதே பணிக்குச் செல்லும்.

பங்களாதேஷின் ஜோப்ரா கிராமத்தில் 1976இல் பேராசிரியர் முஹம்மத் யூனுஸ் 42 பேருக்கு வெறும் 27 டொலர் கொடுத்துத் தொடங்கிய முயற்சி, 1983இல் கிராமீன் வங்கியானது; 2006இல் நோபல் பரிசும் பெற்றது. எனினும் அது வட்டிக்கே கடன் கொடுத்தது. நுண்கடன் வெறும் இலாபத் தொழிலானால் என்ன நடக்கும் என்பதை நமது நாட்டுப் பெண்கள் அனுபவித்தார்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை இரத்துச் செய்யவும், வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு விதிக்கவும் அரசாங்கத்துக்கு நேர்ந்தது.

இதற்கு மாற்று வழி உண்டு. பாகிஸ்தானில் கலாநிதி அம்ஜத் ஸாகிப் 2001இல் ஆரம்பித்த ‘அகுவ்வத்’ அமைப்பு, கர்ழன் ஹஸனா அடிப்படையில் வட்டியில்லாக் கடன் வழங்குகிறது. முதற்கடன் ஒரு விதவைக்கு வழங்கிய பத்தாயிரம் ரூபா. கடன் வழங்கும் இடம் பெரும்பாலும் பள்ளிவாசல்; தேவாலயங்களிலும் கோயில்களிலும் கூட வழங்கியிருக்கிறார்கள். 99 சதவீதத்துக்கும் மேல் திரும்பி வருகிறது. 2021இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

வட்டகொடை போன்ற மலையகச் சிற்றூர்களுக்கு இது ஏன் பொருந்தாது? இங்கு சிறு வியாபாரம் நமக்குப் பழக்கமான தொழில். லீக்ஸும் கரட்டும் விளைகின்றன. ஆனால் விலையைத் தீர்மானிப்பவர் இடைத்தரகர். நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு லொறி பிடித்தால் நிலைமை மாறும். தையல் தெரிந்த சகோதரிக்கு ஓர் இயந்திரம் போதும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸகாத் உரியவர்களுக்கு உடைமையாகச் சேர வேண்டியது. அதைக் கடன் நிதியாக்க முனையும்போது உலமாக்களின் ஆலோசனை அவசியம். கடனுக்கு ஸதகா நிதியைத் தனியாக வைப்பதே பாதுகாப்பு. ஸகாத்தைக் கொண்டு ஏழைக்குத் தொழிற்கருவியை நேரடியாகவே கொடுக்கலாம். கணக்கை ஜமாஅத்தார் முன் வருடாந்தம் வாசிக்க வேண்டும்.

அந்த நிதியின் கதவு லயன் அறைகளில் வாழும் தமிழ்ச் சகோதரிகளுக்கும் திறந்திருக்கட்டும். நமது கடைகளை வாழவைப்பது அவர்களின் நாட்சம்பளம்தான். அவர்கள் வட்டிக்காரரிடம் சிக்கும்போது நமது கடன் கொப்பியும் நிரம்புகிறது.

அடுத்த நோன்புக்குப் பொதிகளோடு சில கோடரிகளையும் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.