எதிரி இல்லாத இடத்தில் விழுந்த விமானங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

போர்க்காலத்தில் ஒரு விமானம் விழுந்தது என்றதும் நாம் முதலில் கேட்பது என்ன? "யார் சுட்டது?" என்றுதான். சினிமா நம்மை அப்படிப் பழக்கிவிட்டது. ஆனால் இரண்டாம் உலகப் போரின் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், எதிரியின் முகத்தையே பார்க்காமல் இறந்துபோன விமானிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

பிரிட்டிஷ் அரச ஆகாயப்படையின் குண்டுவீச்சுப் பிரிவை எடுத்துக்கொள்வோம். அதில் உயிரிழந்தவர்கள் 55,573 பேர். இவர்களில் 8,000க்கும் அதிகமானோர் இறந்தது ஜெர்மனியின் வானத்தில் அல்ல, பயிற்சியிலும் விபத்துகளிலும். அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். 1941 டிசம்பருக்கும் 1945 ஆகஸ்டுக்கும் இடையில், அந்நாட்டு மண்ணிலேயே நடந்த ராணுவ விமான விபத்துகளில் மாண்டவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். எதிரி விமானம் எட்டிக்கூடப் பார்க்காத டெக்சஸிலும் ஃபுளோரிடாவிலும் கலிஃபோர்னியாவிலும் இது நடந்தது.

ஏன் இப்படி? இதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்வது சரித்திர ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டுமல்ல, பிள்ளைகளைச் சீருடையில் அனுப்பி வைக்கும் பெற்றோருக்கும் தேவை.

அவசரம் என்னும் முதல் எதிரி

முதல் காரணம் அவசரம். போருக்கு முன்பு அமெரிக்க ராணுவம் ஆண்டுக்குச் சில நூறு விமானிகளைத்தான் உருவாக்கி வந்தது. 1939 முதல் 1945 வரை அது பயிற்றுவித்த விமானிகளோ 1 லட்சத்து 93 ஆயிரத்துக்கும் அதிகம். 1942இல் வயது வரம்பு 18க்கு இறக்கப்பட்டது. கல்லூரிப் படிப்பு வேண்டும் என்ற விதியும் தளர்த்தப்பட்டது. சில மாதங்களுக்கு முன்பு வரை கார்கூட ஓட்டியிராத பையன்கள் இரட்டை இயந்திர விமானத்தின் முன் உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது காரணம் விமானங்களின் நிலை. நல்ல விமானங்களெல்லாம் போர்முனைக்குப் போய்விடும். அங்கே அடிபட்டுத் தேய்ந்து, இனிச் சண்டைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டவை பயிற்சிப் பள்ளிக்கு வரும். பிரிட்டனில் விட்லி, வெலிங்டன் போன்ற குண்டுவீச்சு விமானங்கள் இப்படித்தான் பயிற்சிக்கு வந்து சேர்ந்தன. கற்றுக்கொள்பவருக்கு அனுபவம் இல்லை. விமானத்துக்கோ அனுபவம் அளவுக்கு மேல்!

மூன்றாவது, புதுரக விமானங்கள். அமெரிக்காவின் பி-26 மரௌடர் அதற்குச் சரியான உதாரணம். சிறிய இறக்கை, அதிக வேகம். மற்ற விமானங்களைப்போல மெதுவாக இறக்கப் பார்த்தால் தலைகுப்புற விழும். ஃபுளோரிடாவின் தம்பா விரிகுடாவை ஒட்டிய தளத்தில் விபத்துகள் தொடர்ந்து நடக்கவே, "நாளுக்கு ஒன்று தம்பா விரிகுடாவில்" என்று வீரர்களே கசப்போடு பேசிக்கொண்டார்கள். அந்த விமானத்தின் உற்பத்தியையே நிறுத்திவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

அதை ஆராய வந்தவர்களில் ஒருவர் புகழ்பெற்ற விமானி ஜிம்மி டூலிட்டில். ஓர் இயந்திரத்தை நிறுத்திவிட்டும் பி-26ஐப் பத்திரமாக ஓட்ட முடியும் என்று அவர் விமானிகளின் கண்முன்னே செய்து காட்டினார். பயிற்சி முறை மாற்றப்பட்டது. இறக்கையும் பெரிதாக்கப்பட்டது. பிறகு நடந்தது என்ன தெரியுமா? ஐரோப்பியப் போர்முனையில் மிகக் குறைவான இழப்பு விகிதம் கொண்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் என்று பெயரெடுத்தது இதே பி-26தான்.

கடல்மேல் காவல்

அடுத்து, சுற்றுக்காவல் விமானங்களைப் பார்ப்போம். இவற்றின் வேலை நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவது, கப்பல் அணிகளுக்குத் துணை போவது. ஒருமுறை கிளம்பினால் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கடல்மேல்தான். பெரும்பாலான பயணங்களில் எதிரி கண்ணிலேயே படமாட்டான். ஆனால் களைப்பு வரும், மூடுபனி வரும், பக்கவாட்டுக் காற்று விமானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வழிமாற்றும். கீழே அடையாளம் காட்ட ஒரு மரமோ சாலையோ கிடையாது. வேகம், திசை, கடந்த நேரம் இம்மூன்றையும் வைத்து, தாம் இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டே அறிய வேண்டும். அந்தக் கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும், கடல் இருக்க வேண்டிய இடத்தில் மலை வந்து நிற்கும்.

சண்டர்லேண்ட் என்ற பறக்கும் படகைச் சிங்கப்பூரின் மூத்த தலைமுறையில் சிலருக்கு நினைவிருக்கலாம். 1959 வரை சிலேத்தார் தளத்தில் அவை இருந்தன. அதே ரக விமானம் ஒன்று 1942 ஆகஸ்ட் 25ஆம் தேதி ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டனிலிருந்து ஐஸ்லாந்துக்குக் கிளம்பியது. அன்று அது காவலுக்குப் போகவில்லை. பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜின் தம்பியான கென்ட் கோமகனை ஏற்றிச் சென்றது. விமானத்தில் 15 பேர். கிளம்பிச் சுமார் அரை மணி நேரத்தில், மேகம் கவிந்த மலைச்சரிவில் அது மோதியது. 14 பேர் இறந்தார்கள். வால்பகுதியில் இருந்த துப்பாக்கி வீரர் ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார்.

விமானத்தின் தலைவர் கடல்மேல் பறந்து நல்ல அனுபவம் பெற்றவர். ஆனாலும், இந்தத் தவற்றுக்கு அவரே பொறுப்பு என்று அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அனுபவமுள்ள ஒருவர் ஏன் வழி மாறினார் என்ற கேள்வி மட்டும் இன்றுவரை விவாதத்தில் இருக்கிறது. இறந்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது அல்லவா?

"விமானியின் தவறு" என்று முடித்துவிட்டால் போதுமா?

இந்தக் கேள்வியை விடாமல் துருவியவர் ஆல்ஃபன்ஸ் சாப்பானிஸ். இவர் விமானி அல்லர். அமெரிக்க ராணுவ ஆகாயப்படையில் வேலைக்குச் சேர்ந்த இளம் உளவியல் நிபுணர். அவர் முன் ஒரு புதிர் வந்தது. பி-17 விமானங்கள் நல்லபடியாகத் தரையிறங்கி ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, விமானி தம் கையாலேயே சக்கரங்களை உள்ளே இழுத்துவிடுவார். விமானம் வயிறு தரையில் உரசிச் சேதமாகும். ஒருவர் இருவர் அல்ல, பலர் இதே தவற்றைச் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் "விமானியின் தவறு" என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

சாப்பானிஸ் விமானியின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். சக்கரத்துக்கான விசையும், இறக்கை மடலுக்கான விசையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒரே வடிவம். பல மணி நேரம் பறந்து களைத்தவர், மடலை இழுப்பதாக நினைத்துச் சக்கரத்தை இழுத்துவிட்டார். இதே வேலைக்கான விசைகள் வேறு விதமாக அமைந்திருந்த சி-47 விமானத்தில் இந்தக் குழப்பமே வரவில்லை!

அவர் சொன்ன பரிகாரம் மிக எளிது. சக்கர விசையின் நுனியில் சிறிய ரப்பர் சக்கரம். மடல் விசையின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டு. கண்ணால் பார்க்காமலேயே, தொட்டவுடன் கைக்குத் தெரிந்துவிடும். இன்று நாம் ஏறிச் செல்லும் பெரிய பயணிகள் விமானங்களில், சக்கர விசை சக்கர வடிவிலும் மடல் விசை இறக்கை மடலின் வடிவிலும் இருக்க வேண்டும் என்பது விதியாகவே இருக்கிறது. தீபாவளிக்குச் சென்னை போய்த் திரும்பும் நம் குடும்பங்களையும் அந்த ரப்பர் துண்டு காத்து வருகிறது என்றால் மிகையில்லை.

கொடி மறுக்கப்பட்ட சவப்பெட்டிகள்

விபத்தில் இறந்தவர்களுக்கு நேர்ந்த இன்னொரு அநீதியையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 'வாஸ்ப்' என்ற மகளிர் விமானிகள் அணி ஒன்று இருந்தது. 25,000 பெண்கள் விண்ணப்பித்தார்கள். 1,074 பேர் பயிற்சி முடித்துத் தேறினார்கள். புதிய விமானங்களைத் தளங்களுக்கு ஓட்டிச் சென்றார்கள். பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழகுவதற்காக, விமானத்தின் பின்னால் இலக்குத் துணியைக் கட்டி இழுத்துப் பறந்தார்கள்.

அவர்களில் ஒருவர் மேபல் ராலின்சன். 1943 ஆகஸ்ட் 23ஆம் தேதி இரவு, வட கரோலினாவின் கேம்ப் டேவிஸ் தளத்தில் நடந்த பயிற்சியில் அவருடைய விமானம் விழுந்து தீப்பிடித்தது. பின்னிருக்கையில் இருந்த பயிற்றுநர் வெளியே வீசப்பட்டுப் பிழைத்தார். முன்னிருக்கையின் மேல்மூடித் தாழ்ப்பாள் பழுது. மேபலால் வெளியே வர முடியவில்லை.

இவரைப்போல மொத்தம் 38 பெண்கள் பணியில் இறந்தார்கள். ஆனால் சட்டப்படி அவர்கள் ராணுவத்தினர் அல்லர், பொதுமக்கள். எனவே ராணுவ மரியாதை கிடையாது. சவப்பெட்டிமேல் தேசியக் கொடி போர்த்தும் உரிமையும் கிடையாது. உடலை ஊருக்கு அனுப்பத் தோழிகள் தங்களுக்குள் பணம் திரட்ட வேண்டியிருந்தது. 1977இல்தான் அந்த அணியினரை முன்னாள் ராணுவத்தினராக அரசு ஏற்றது. 2010இல் நாடாளுமன்றத் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டபோது, வாங்க வந்தவர்கள் முதுமையடைந்த பாட்டிமார்கள்.

நம் மண்ணிலும் இப்படி ஒரு நீண்ட காத்திருப்பு உண்டு. ஜப்பான் சரணடைவதாக அறிவித்து எட்டு நாள் கழித்து, 1945 ஆகஸ்ட் 23ஆம் தேதி, கொக்கோஸ் தீவிலிருந்து மலாயாக் காட்டுக்குள் பொருள்களைப் போட வந்த பிரிட்டிஷ் லிபரேட்டர் விமானம் ஒன்று நெகிரி செம்பிலானின் தெலாப்பாக் பூரோக் மலையில் விழுந்தது. எட்டுப் பேர் மாண்டனர். 67 ஆண்டுகள் கழித்து, 2012இல்தான் கோலாலம்பூர் செராஸ் சாலைப் போர்க் கல்லறையில் அவர்கள் மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

நேயர்களே, சிங்கப்பூரில் தேசிய சேவைக்கும் மலேசியாவில் ஆயுதப்படைக்கும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் நம்மிடையே நிறையப் பேர். "பயிற்சிதானே, போரா நடக்கிறது?" என்று நாம் நம்மையே தேற்றிக்கொள்வது இயல்பு. ஆனால் பயிற்சிக்கும் ஆபத்து உண்டு என்பதைச் சரித்திரம் காட்டுகிறது. ஆகவே ஒரு விபத்து நடந்தால் "யார் தவறு?" என்று கேட்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. "ஏன் அந்தத் தவறு செய்வது அவ்வளவு சுலபமாக இருந்தது?" என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்குக் கிடைப்பது ஒரு பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் பல சமயம் உயிரோடும் இருப்பதில்லை. இரண்டாவது கேள்விக்குச் சரியான பதிலைத் தேடினால், அடுத்து அதே இருக்கையில் உட்காரப் போகும் பிள்ளை வீடு திரும்புவான்.