அருவியை எழுதிய கதை

பல்லடத்தில் அருவி ஏது? தறியோசைதான் உண்டு. முழங்கால் வலியால் மலையேற இயலாத என் தந்தைக்காகவே, திருமூர்த்தி மலையின் பஞ்சலிங்க அருவியை எண்ணெய் வண்ணத்தில் எழுதத் துணிந்தேன். 1792-இல் தாமஸ் டேனியலும் அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் பாபநாச அருவியைக் கண்டு வரைந்து, பின்னர் லண்டனில் அச்சிட்ட செய்தி எனக்கு ஊக்கம் தந்தது.

முதற்படத்தில் வெள்ளையை அள்ளிப் பூசினேன். "ஏன் கண்ணு, பாவு நீட்டி வெச்சிருக்கறே, அருவி எங்கே?" என்றார் தந்தை. நெசவாளர் கண்ணல்லவா!

அவர் சொன்னது மெய். அருவியை வெளுப்பாகக் காட்டுவது வெள்ளை வண்ணமன்று; அதன் பின் நிற்கும் கரும்பாறை. ஆதலின் மறுமுறை பாறையை டர்பன்டைன் கலந்து மெல்லியதாக முதலில் எழுதி, உலரவிட்டேன். நேயர்களே, ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. அதற்கு நாள் பிடிக்கும். எண்ணெய் மிகுந்த பூச்சின்மேல் எண்ணெய் குறைந்த பூச்சு ஏறினால், மேலது முந்தி உலர்ந்து பின்னாளில் வெடிக்கும். நீரின் நிழற்பக்கத்துக்குச் சாம்பல் நீலம் தீட்டினேன். தூய வெள்ளை, நீர் மோதிச் சிதறும் இடத்துக்கு மட்டும். சாரலை ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் தொட்டும் தொடாமலும் இழுத்தேன். அடியில் நகக்கண் அளவில் ஒரு மனிதன்: மலையின் பெருமையைக் காட்ட ரொமான்டிக் ஓவியர் கையாண்ட உத்தி இது.

தந்தை நெடுநேரம் பார்த்திருந்தார். "மலையிலே இந்த வருசம் நல்ல மழையாட்ட இருக்குது" என்றார்.