மார்மேல் உட்காரும் பேய்!

நடு ராத்திரி. விழிப்பு வந்துவிட்டது. மேலே சுழலும் மின்விசிறி கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கை எழவில்லை, கால் அசையவில்லை. மார்மேல் யாரோ ஏறி உட்கார்ந்து அமுக்குகிறார்கள். "அம்மா!" என்று கூப்பிடப் பார்க்கிறீர்கள், குரல் வரவில்லை. சற்று நேரத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம்.

"அமுக்குவான் பேய்தான், வேறென்ன!" என்பாள் பாட்டி. தலையணைக்கடியில் ஓர் இரும்புத் துண்டும் வந்து சேரும்.

இந்தப் பேய் நமக்கு மட்டும் சொந்தமல்ல, வாசகிகளே! கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் அது ஒரு கிழவி. ஜப்பானில் அதன் பெயர் 'கனாஷிபாரி'. ஹென்றி ஃபியூஸ்லி என்ற ஓவியர், தூங்கும் பெண்ணின் மார்மேல் ஒரு குட்டிச்சாத்தான் குந்தியிருப்பதாக 1781-ல் படமே தீட்டிவிட்டார்!

ஒன்றையொன்று அறியாத ஊர்களில் ஒரே பேய் எப்படி வந்தது? மனித உடம்பு எங்கும் ஒன்றுதானே!

தூங்குகிறவர்களின் கண்கள் சில வேளைகளில் இமைக்குள்ளே வேகமாக உருளுகின்றன என்று 1953-ல் சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த அஸெரின்ஸ்கியும் கிளைட்மனும் எழுதினார்கள். கனவு மிகுந்த கட்டம் அது. அப்போது மூளை கை கால் தசைகளைக் கட்டிப் போட்டுவிடுகிறது என்பது பின்னால் தெரிந்தது. இல்லாவிட்டால், கனவில் ஓடுகிறவர் கட்டிலைவிட்டே ஓடிவிடுவாரே!

எப்போதாவது புத்தி முந்திக்கொண்டு விழித்துவிடுகிறது. கட்டு அவிழத் தாமதமாகிறது. கலையாத கனவின் மிச்சம் இருட்டில் உருவமாக நிற்கிறது. நினைத்தபடி மூச்சை ஆழ இழுக்க முடியாததால் மார்பு பாரமாகிறது. பயப்படாதீர்கள், மூச்சு நிற்பதில்லை. ஆய்வுகள் பலவற்றை 2011-ல் தொகுத்துப் பார்த்ததில், 100 பேரில் சுமார் 8 பேருக்கு ஆயுளில் ஒரு தடவையாவது இது நேர்வதாகத் தெரிந்தது.

தூக்கம் கெட்டவர்களையும், மல்லாந்து படுப்பவர்களையுமே இந்தப் பேய் அதிகம் நாடுகிறது. ஆகவே, கைக்குழந்தையோடு அல்லாடும் மருமகளோ, பரீட்சைக்காகக் கண் விழிக்கும் மகளோ இப்படிச் சொன்னால், மந்திரவாதியைத் தேடாதீர்கள். "பேய் பிடித்தவள்" என்று ஒரு பெயரைச் சூட்டி அவள் வாழ்வைக் கெடுக்காதீர்கள். குழந்தையை வேறொருவர் வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கவிடுங்கள். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். அடிக்கடி வந்தாலோ, பகலிலும் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.