கானா: மேலே கொக்கோ, கீழே தங்கம்

ஒரு நாட்டின் செல்வம் அதன் மண்ணில் கிடைக்கும் பொருளைப் பொறுத்ததா? அன்றி, அந்த மண்ணை மக்கள் ஆளும் முறையைப் பொறுத்ததா? பொருளாதாரம் பயிலும் நம்மில் எவருக்கும் எழக்கூடிய வினா இது. ஏட்டளவில் விடை தேடுவதைவிட, ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு ஆராய்வதே நன்று என்று எனக்குத் தோன்றியது. நான் தேர்ந்துகொண்ட நாடு மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா.

ஆங்கிலேயர் இந்நாட்டுக்கு இட்டிருந்த பெயர் 'தங்கக் கடற்கரை' என்பது. 1957 மார்ச் 6-ம் நாள் அது விடுதலை பெற்றது. 2021-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சற்றேறக்குறைய 3 கோடியே 8 லட்சம். 2022 டிசம்பரில், வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதிக்குத் தவணை கட்ட இயலாது என்று இந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. அம்மாதம் விலைவாசி முந்தைய ஆண்டைவிட 54 சதவிகிதம் ஏறி நின்றது. 2023 மே மாதத்தில் சர்வதேச நிதியம் 300 கோடி டாலர் தர இசைந்தது. 2025 செப்டம்பரில் விலையேற்றம் 10 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது. ஆகவே, படுத்த நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று கூறலாம். இனி, தம் காலால் நடப்பாரா என்பதே கேள்வி.

முதலில் கொக்கோவைக் காண்போம். இது கானாவின் சொந்தப் பயிரன்று. டெட்டே குவார்ஷி என்ற கொல்லர் 1879-ல் பெர்னாண்டோ போ தீவிலிருந்து விதை கொணர்ந்து பயிரிட்டார் என்பர். அடுத்த முப்பது ஆண்டுகள் அளவில் உலகிலேயே அதிகக் கொக்கோ விளைவிக்கும் நாடாக அது உயர்ந்தது. இன்று அண்டை நாடாகிய ஐவரி கோஸ்ட் முதலிடத்தில் இருக்கிறது. இவ்விரு நாடுகளும் சேர்ந்து உலகின் கொக்கோவில் பாதிக்குமேல் தருகின்றன. ஆனால் கொட்டையில் பெரும்பகுதி கொட்டையாகவே கப்பலேறுகிறது. அது சாக்லெட்டாக மாறுவது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும். ஆதாயத்தின் பெரும்பங்கும் அங்கேதான் தங்கிவிடுகிறது.

விளைபொருளை வாங்கும் விலையை 1947-ல் தோன்றிய கொக்கோ வாரியம் நிர்ணயிக்கிறது. விலைவீழ்ச்சி உழவரைத் தாக்காமல் காப்பதே இதன் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆயினும், வாரியம் வரப்போகும் விளைச்சலை முன்கூட்டியே விற்றுவிடுவதால், சந்தை விலை திடீரென்று ஏறும்போது அந்த ஏற்றம் உழவர் கைக்கு எட்டுவதில்லை. 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் ஒரு டன் 12,000 டாலரைத் தாண்டிற்று. அந்தப் பருவத் தொடக்கத்தில் கானா உழவருக்கு அறிவிக்கப்பட்டிருந்த விலை டன்னுக்கு 48,000 சீடி, அதாவது ஏறத்தாழ 3,000 டாலர்தான். மூட்டைகள் எல்லை கடந்து கள்ளத்தனமாகப் போனதில் வியப்பென்ன? 2025-ல் உலக விலை பெரிதும் சரிந்துவிட்டது. விலை ஏறியபோது உழவர் பெற்றது சொற்பம். இறங்கியபோதோ கவலை முழுவதும் அவர்களுடையது.

அடுத்தது தங்கம். அண்மை ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவையும் முந்தி, ஆப்பிரிக்காவில் மிகுதியாகத் தங்கம் எடுக்கும் நாடாகக் கானா திகழ்கிறது. 2024-ம் ஆண்டு ஏற்றுமதி வருவாயில் பாதிக்குமேல் தங்கத்தால் வந்தது. நம் நாட்டுக்கும் இதில் தொடர்புண்டு. கானாத் தங்கத்தை வாங்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. சிறு சுரங்கத்தாரின் தங்கத்தை வாங்கி விற்பதற்கென 2025-ல் ஒரு தங்க வாரியத்தையும் அரசாங்கம் அமைத்திருக்கிறது. தங்க விலை உயர்ந்ததே அந்நாட்டு நாணயம் நிமிர்ந்ததற்கு ஒரு முக்கிய காரணம்.

ஆனால் இங்கேதான் சிக்கல். அனுமதியின்றித் தோண்டும் சிறு சுரங்கங்களை அங்கே 'கலாம்சே' என்பார்கள். இவற்றால் பிரா, அங்கோப்ரா, பிரிம் முதலிய ஆறுகள் சேறாகிவிட்டன, பாதரசமும் கலக்கிறது. கொக்கோ விளையும் காட்டு நிலத்துக்கு அடியிலேயே பல இடங்களில் தங்கமும் கிடக்கிறது. கொக்கோ மரங்களைத் தண்டு வீக்க நோய் என்னும் கொடிய நோய் பீடிக்கிறது. அதற்கு மருந்தில்லை, மரத்தை வெட்டுவதே வழி. புதுக்கன்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை குடும்பம் எதை உண்ணும்? அவ்வேளையில் ஒருவர் ரொக்கத்தோடு வந்து நிலத்தைக் கேட்டால், உழவர் கொடுத்துவிடுகிறார். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. எனினும், தோண்டிய குழியில் பின்பு கொக்கோ முளைப்பதில்லை. 2020–21 பருவத்தில் 10 லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல், மூன்றே ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நோய், மழைக்குறைவு, கள்ளக்கடத்தல் ஆகியவற்றோடு சுரங்கமும் இதற்குக் காரணம்.

எண்ணெய் கைகொடுக்காதா என்று நீங்கள் வினவலாம். 2007-ல் கடலடியில் எண்ணெய் காணப்பட்டது. 2010 டிசம்பரில் எடுக்கத் தொடங்கினர். ஆயினும் 2019-க்குப் பிறகு உற்பத்தி இறங்குமுகமாகவே இருந்து வந்திருக்கிறது. அதை நம்பி வாங்கிய கடன்களோ இறங்கவில்லை.

மின்சாரத்தின் கதையும் படிப்பினை தருவதே. நிக்ரூமாவின் கனவாகிய அக்கோசோம்போ அணை 1965-ல் முடிந்தது. அதற்காக ஏறத்தாழ 80,000 மக்கள் தம் ஊர்களை விட்டுப் பெயர்ந்தனர். உள்நாட்டுப் பாக்சைட்டை அலுமினியமாக்குவதே குறிக்கோள். ஆனால் டேமா நகரில் அமைந்த ஆலை, வெளிநாட்டிலிருந்து வந்த அலுமினாவைக் கொண்டே ஓடியது. இன்று மின்சாரத்தில் பெரும்பகுதி எரிவாயுவால் கிடைக்கிறது. மின்துறையின் கடன் சுமை இன்னும் தீரவில்லை. அடிக்கடி விளக்கு அணைந்து எரிவதை மக்கள் 'டும்சோர்' என்றே பெயரிட்டு அழைக்கிறார்கள்.

நம்பிக்கையூட்டும் துறை ஒன்றுண்டு. கைபேசி வழியாகப் பணம் அனுப்புவது அங்கே சந்தைக் கடைக்காரப் பெண்மணி வரை பரவிவிட்டது. 2018 முதல் ஒரு நிறுவனத்துக் கணக்கிலிருந்து மற்றொன்றுக்கும் அனுப்ப முடிகிறது. 2022-ல் அரசாங்கம் இதன்மீது வரி விதித்தது, மக்கள் வெறுத்தனர், 2025-ல் வரி நீக்கப்பட்டது. கணினிக் கல்விக்காக இந்திய உதவியுடன் 2003-ல் அக்ராவில் ஒரு மையமும் நிறுவப்பட்டது. ஆனால் ஆண்டுதோறும் வேலை தேடி வரும் இளைஞர் கூட்டம் முழுவதையும் கைபேசித் தொழில் தாங்கிவிடாது.

இவற்றிலிருந்து நான் காண்பது இது. தங்கவிலை உயர்ந்திருக்கும் வரையில் கானாவின் கணக்கு அழகாகவே இருக்கும். ஆனால் தங்கம் ஒருமுறை தோண்டினால் தீர்ந்தது. கொக்கோ ஆண்டுதோறும் காய்ப்பது. தீரும் செல்வத்தைக்கொண்டு தீராத செல்வத்தைக் காப்பதே அறிவுடைமை. நோயுற்ற மரத்தை வெட்டும் உழவருக்குக் கன்று காய்க்கும் வரை உதவித்தொகை, உள்நாட்டிலேயே கொட்டையை அரைத்துப் பண்டமாக்கும் ஆலைகள், அவ்வாலைகளுக்குத் தடையில்லா மின்சாரம் ஆகிய மூன்றுக்கும் தங்கத்தின் பணம் போகுமானால், கானா நடப்பது மட்டுமன்று, ஓடவும் செய்யும். அது மீண்டும் கடன் வட்டிக்கே போகுமானால், அடுத்த விலைவீழ்ச்சியில் 2022 திரும்பி வரும்.

நண்பர்களே, அடுத்தமுறை சாக்லெட்டை வாயிலிடும்போது, அது விளைந்த நிலத்தைத் தோண்டாமல் காத்து நிற்கும் ஓர் உழவரையும் சற்று எண்ணிப்பாருங்கள். அவர் நின்றால்தான் அந்நாடு நிற்கும்.