மாந்தோப்பு எஞ்சினும் விளையாட்டுக் காரும்

ரேடியோ அலையால் ஏவப்படும் பெரிய பெட்ரோல் கார், மெய்யான காரில் ஐந்தில் ஒரு பங்கு உருவமே உடையதாயினும், அதை இயக்குவது பாலக்கோடு, காரிமங்கலம் மாந்தோப்புகளில் உழவர் தோளில் தொங்கும் புல்வெட்டியின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உடன்பிறப்பே. ஆதலால் தர்மபுரி ஜில்லாவில் இதை வாங்கும் புதியவருக்குப் புல்வெட்டி பழுதுபார்ப்பவரே தக்க ஆசான்.

எண்ணெய்த் தொட்டி தனியே இல்லாத இவ்வெஞ்சினுக்கு, 1 லிட்டர் பெட்ரோலில் 40 மில்லி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்து ஊட்டுவது பொதுவான வழக்கம். ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் ஓட்டிய பெரியவர்களுக்கு இது புதுச் செய்தியன்று. எண்ணெயை மறந்தாலோ, பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப்போய், செலவு பெரிதாகும்.

கிளம்ப மறுத்தால் உடனே கார்புரேட்டர் திருகுகளைத் திருப்பும் அவசரம் எனக்கு உடன்பாடன்று. முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்: காப்பி நிறம் க்ஷேமம், கருத்து நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது எங்கோ ஒரு கசிவின் வழியே காற்று உட்புகுகிறது என்று பொருள். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் கார்புரேட்டரின் மெல்லிய சவ்வை விறைக்கச் செய்வதும் சகஜம்.

செம்மண் புழுதி நிறைந்த இந்நிலத்தில் காற்று வடிகட்டியின் நுரைப்பஞ்சை ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டுப் பொருத்துதல் அவசியம்.

ரேடியோ அலையை வாங்கும் ரிசீவரின் பேட்டரி சோர்ந்தாலோ, சமிக்ஞை அறுந்தாலோ, பத்துக் கிலோ எடையுள்ள வண்டி கட்டுப்பாடின்றிப் பாயக்கூடும். சமிக்ஞை அறுந்ததும் தானே பிரேக் பிடிக்கும் ஏற்பாட்டை, சக்கரங்களை நிலத்தினின்று உயர்த்தி வைத்துச் சோதித்த பின்னரே மைதானத்தில் விடலாம்.