பூட்டிய குப்பைமேடும் நம் கிணறுகளும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் வாழும் நம் சங்க உறுப்பினர்களுக்கு விளப்பில்சாலை என்ற பெயர் புதிதன்று. திருவனந்தபுரம் மாநகராட்சியின் குப்பையை உரமாக்கும் ஆலை 2000ஆம் ஆண்டில் அங்கு தொடங்கியது. அன்று அவ்வூர் நமது நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்தது. காட்டாக்கடை தாலுகா 2014இல்தான் பிரிந்தது. உரமாகாத மிச்சக் குப்பை ஆலை வளாகத்திலேயே மேடாகக் குவிந்தது. அதிலிருந்து கசிந்த கறுப்பு நீர் மீனம்பள்ளி ஓடை வழியே கரமனை ஆற்றை நோக்கி ஓடிற்று. ஊர் மக்கள் போராடினர். 2011 டிசம்பரில் விளப்பில் ஊராட்சி ஆலையைப் பூட்டியது.

பூட்டியாயிற்று, தொல்லை தீர்ந்தது என்று நினைப்பது இயல்பே. உண்மையில் கண்காணிப்பு வேலை தொடங்குவது அன்றுதான்.

ரயில்பாதைக்கு மண்கரை போட்டவர்கள் ஒன்றை அறிவார்கள். புதுக்கரை சில மழைக்காலங்கள் வரை அமர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே முதலில் வண்டிகளை மெதுவாக விடுவார்கள். பக்க வடிகால் அடைபடாமல் பார்த்துக்கொள்வார்கள். கரைக்குள் நீர் தேங்கினால் கரையே சரியும். குப்பைமேடு இதைவிடப் பொல்லாதது. உள்ளே அழுகும் பொருள்கள் பல ஆண்டுகள் சுருங்கிக்கொண்டே இருக்கும். மேல்மூடியில் பள்ளமும் வெடிப்பும் விழும். நம் பகுதியில் ஆண்டுக்கு இரண்டு பருவமழை. வெடிப்பில் இறங்கும் மழைநீர் குப்பையின் நஞ்சைக் கரைத்துக்கொண்டு நிலத்தடிக்குப் போகும். அழுகலில் உண்டாகும் மீத்தேன் வாயு, காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்த நிலையில் தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

எனவேதான் மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு விதிகளும் 2016ஆம் ஆண்டு விதிகளும், மூடிய கிடங்கைக் குறைந்தது 15 ஆண்டுகள் பராமரித்துக் கண்காணிக்க வேண்டும் என்றன. விளப்பில்சாலையில் பூட்டுப் போட்ட மாதத்திலிருந்து எண்ணினாலும் கணக்கு 2026 டிசம்பர் வரை நீளும். மேட்டின் மீது 60 சென்டிமீட்டர் களிமண், அதன்மேல் நீர் வடிய 15 சென்டிமீட்டர் அடுக்கு, அதற்கும் மேல் செடி வளர 45 சென்டிமீட்டர் மண் என்பது 2016 விதிகளில் சொல்லப்பட்ட மூடியின் அளவு. கிடங்கைச் சுற்றி 50 மீட்டருக்குள் உள்ள நிலத்தடி நீரைக் கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என மூன்று பருவங்களிலும் சோதிக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு.

சோதனை அறிக்கை கைக்குக் கிடைத்தால் அதை எப்படிப் படிப்பது? ஒரு கிணற்றின் ஓர் எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை. மேட்டுக்கு மேல்புறம் உள்ள கிணற்றையும் தாழ்புறம் உள்ள கிணற்றையும் ஒப்பிட வேண்டும். குளோரைடு மண்ணில் தங்காமல் நீரோடு நகர்வதால் அதுவே முதல் எச்சரிக்கை. தாழ்புறக் கிணற்றில் மட்டும் அது ஆண்டுக்கு ஆண்டு ஏறினால் கசிவு இருப்பதாகச் சந்தேகிக்க வேண்டும். அடுத்து நைட்ரேட், இரும்பு, காரீயம், காட்மியம் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

பூட்டிய கிடங்கைக் கவனிக்காவிட்டால் ஒரு தீங்கு. பூட்டியபின் புதுக்குப்பைக்கு வழி செய்யாவிட்டால் மற்றொரு தீங்கு. 2024 டிசம்பரில் திருவனந்தபுரம் மருத்துவமனைக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பின் கேரள அதிகாரிகளே லாரிகளுடன் வந்து அள்ளிச் சென்றனர். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்த எல்லைக் கோடு மனிதருக்குத்தான். நிலத்தடி நீருக்கு இல்லை.

உங்கள் ஊருக்கு அருகே மூடிய குப்பைமேடு எதுவாயினும், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நீர்ச் சோதனை அறிக்கைகளைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கடைசி ஓராண்டு அறிக்கையோடு நிற்காமல், மூடிய நாள் முதலான எல்லா அறிக்கைகளையும் கேளுங்கள். இடையில் விடுபட்ட ஆண்டுகள் இருந்தால், அதுவே நீங்கள் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி.